ஒரே கண்மாயை ஏழு பேர் கேட்கும்போது ஊர் நிலத்துக்குத் திட்டம் போடுவது எப்படி

மாசி மாதக் கடைசியில் ஒரு கண்மாயின் (பாசன ஏரியின்) கரையில் போய் நின்று பாருங்கள். மடை (வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு) மட்டத்துக்கு மேலே ஒரு முழம் தண்ணீர்தான் கிடக்கும். பிந்தி நட்ட நெல்லுக்கு இன்னும் இரண்டு தண்ணீர் விட்டால் கதிர் முற்றிவிடும், மடையைத் திறங்கள் என்று ஆயக்கட்டுக்காரர்கள், அதாவது கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள், சொல்வார்கள். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், மீன் இன்னும் எடை ஏறவில்லை, ஒரு மாதம் பொறுங்கள் என்பார். கரைக்குக் கீழே கிணறு வைத்திருப்பவருக்குத் தண்ணீர் வெளியே போகாமல் உள்வாயிலேயே (கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் இடத்திலேயே) கிடந்து ஊறினால் போதும். ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்குக் கோடை முழுக்கக் குடிக்கத் தண்ணீரும், தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் முளைக்கிற புல்லும் வேண்டும். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கண்மாய் சீக்கிரம் காய வேண்டும். வண்டல் அள்ளக் காத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரத்துப் புஞ்சையை வாங்கிப் போட்டிருப்பவரோ அங்கே மனை பிரிக்க வழி கேட்கிறார். இந்த ஏழு பேர் போக, உள்வாய் மரத்தில் குஞ்சு பொரித்திருக்கும் நாரையும் கொக்கும் இருக்கின்றன. அவற்றுக்காகப் பேச அநேகமாக யாரும் வரமாட்டார்கள்.

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய் ஊர்களில் சில வருடங்களாக ஊர் நிலத்துக்குத் திட்டம் போடும் வேலையோடு சுற்றியதில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. இந்த ஏழு பேரும் கேட்பதை ஒரே தட்டில் வைத்து ‘எது முக்கியம்’ என்று கேட்டால் கூட்டம் சண்டையில்தான் முடியும். பேரம் பேசவே கூடாதவற்றை முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டும், அப்புறம் காலத்தாலும் நீர் மட்டத்தாலும் பிரிக்க முடிந்தவற்றைப் பிரிக்க வேண்டும், அதற்கும் அடங்காமல் மிஞ்சுகிற இரண்டு மூன்று மோதல்களில் மட்டும் யாருக்கு என்ன இழப்பு என்று வெளிப்படையாக எழுதி முடிவெடுக்க வேண்டும். இந்த வரிசையில் போனால் முக்கால்வாசிச் சண்டை தானாகவே கரைந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஏறக்குறைய இதே ஆட்கள்தான். அதனால் கண்மாயை வைத்தே சொல்கிறேன். மலையடிவாரமோ கடற்கரையோ என்றால் ஆட்கள் மாறுவார்கள், வேலையின் வரிசை மாறாது.

எல்லையைத் தண்ணீரைப் பார்த்துப் போடுங்கள்

பெரும்பாலும் வருவாய்க் கிராம வரைபடத்தை எடுத்து, அந்தக் கோட்டுக்குள்ளேயே திட்டம் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேதான். உங்கள் கண்மாய்க்கு வருகிற தண்ணீர் பக்கத்து ஊர்ப் புஞ்சையில் விழுந்த மழையாக இருக்கும், அல்லது மேல்கண்மாய் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு பாய்ந்து வருவதாக இருக்கும். உங்கள் கலுங்கு பாய்ந்தால் கீழே இன்னொரு கண்மாய் நிரம்பும். நம் கண்மாய்கள் பெரும்பாலும் சங்கிலியாகக் கோத்தவை, ஒன்றைத் தனியாகக் கழற்றி எடுத்துத் திட்டம் போட முடியாது. உங்கள் ஊரில் கலுங்கின் மேல் மணல் மூட்டை அடுக்கி ஒரு அடி உயர்த்தினால் இரண்டு பேர் பாதிக்கப்படுவார்கள்: மேலே உள்வாய் ஓரத்துப் பட்டா நிலம் முழுகுகிறவரும், கீழே தண்ணீர் வராமல் காத்திருக்கும் அடுத்த ஊரும்.

அதனால் மழை நாளில் நடங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை அடித்து ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் குடையும் வரைபடமுமாக வரத்துக்கால் வழியே மேலே ஏறினால், வெயில் காலத்தில் பத்து முறை நடந்தாலும் கண்ணில் படாதது அன்று படும். எந்த இடத்தில் தண்ணீர் வரத்துக்காலை விட்டு விலகி ரோட்டோரப் பள்ளத்தில் ஓடுகிறது, எந்தக் குழாய்ப்பாலம் மண் அடைத்துக் கிடக்கிறது, யார் வரப்பைத் தள்ளிக் கட்டியிருக்கிறார் எல்லாம் தெரியும். கூடவே மடையைத் திறந்து மூடித் தண்ணீர் பங்கிடும் அந்த ஊர் நீர்பாய்ச்சியை, சில ஊர்களில் மடைக்குடும்பர் என்பார்கள், அழைத்துக்கொண்டு போங்கள். ஒரு ஊரில் அறுபது வயதைத் தாண்டிய நீர்பாய்ச்சி ஒருவர் வெறும் தரைபோல் தெரிந்த ஒரு இடத்தில் நின்று, காலால் மண்ணைக் கீறி, இதுதான் பழைய வரத்துக்கால், ரோடு போட்டபோது மூடிவிட்டார்கள் என்றார். அரை அடி தோண்டியதும் ஆற்று மணல் வந்தது. எங்கள் கையில் இருந்த வரைபடத்தில் அந்த இடம் சும்மா ஒரு புஞ்சை.

காகிதம் என்ன சொல்கிறது, தரை என்ன சொல்கிறது

கிராம நிர்வாக அலுவலரிடம், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டைப் பாருங்கள், கிராம வரைபடத்தையும் தேவையான புல எண்களுக்கான புலப்படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பயிர் எங்கே என்பதற்கு அடங்கல். அ-பதிவேட்டில் நஞ்சை, புஞ்சை, நத்தம் தவிர மற்ற வகைகளைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்: கண்மாய்ப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் (மேய்ச்சல் நிலம்), மந்தைவெளி, பாதை, சுடுகாடு, தீர்வை (நில வரி) ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் என்று அச்செடுத்த வரைபடத்தில் கலர் பென்சிலால் தீட்டினாலே போதும், கணினியில் செய்யத் தெரிந்தால் இன்னும் நல்லது.

அதன் பிறகு கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் பாருங்கள். இரண்டு படம் கட்டாயம் வேண்டும், நல்ல மழை வருடத்து டிசம்பரில் எடுத்தது ஒன்று, மே மாதத்தில் எடுத்தது ஒன்று. டிசம்பர் படத்தில் தண்ணீர் உண்மையில் எதுவரை பரவுகிறது என்று தெரியும், மே படத்தில் சீமைக்கருவேலம் எதுவரை மண்டியிருக்கிறது என்று தெரியும், ஏனென்றால் அந்தக் கோடையில் பச்சையாக நிற்பது பெரும்பாலும் அது ஒன்றுதான்.

‘தரிசு’ என்ற சொல்லிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். பதிவேட்டில் தரிசு என்று இருக்கிற நிலம் ஊரில் சும்மா கிடப்பதாக அர்த்தம் இல்லை. அங்கே ஆடு மேயும், விறகு பொறுக்குவார்கள், மழைக்குப் பிறகு கீரை பறிப்பார்கள், கிடை ஆடுகள் ஊர் விட்டு ஊர் போகும்போது அதன் வழியாகத்தான் போகும். பெரிய திட்டம் எது வந்தாலும், சூரிய மின் பூங்காவோ தொழிற்பேட்டையோ, முதலில் கை வைப்பது தரிசில்தான். இப்போது என்ன பயன்பாடு நடக்கிறது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் காகிதம் சொல்லும். மேலூர் அருகே அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேரைத் தமிழ்நாடு அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதற்கு முன்பே அங்குள்ள சுனைகள், கண்மாய்கள், பறவைகள், சமணர் படுகை, குடைவரைக் கோயில் எல்லாம் பட்டியலாகப் பதிவாகியிருந்தன. 2024 இறுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் அந்தப் பகுதி வந்தபோது, இங்கே என்ன இருக்கிறது என்று காட்ட மக்களிடம் கையில் எழுத்து இருந்தது. ஊர் ஊராகப் போராட்டமும், கிராமசபைத் தீர்மானமும், சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்து 2025 ஜனவரியில் அந்த ஏலத்தை ரத்து செய்ய வைத்தன. போராட்டம்தான் அதைச் சாதித்தது, ஆனால் பட்டியல் முன்பே இருந்தது பெரிய பலம்.

யார் கூட்டத்துக்கு வரவில்லை

கூட்டம் போடுவது எளிது, எல்லோரையும் வரவைப்பதுதான் வேலை. கோயில் மண்டபத்தில் காலை பத்து மணிக்குப் போட்டால் ஆயக்கட்டு நிலம் வைத்திருக்கும் ஆண்கள் வருவார்கள், கூலிக்குப் போகும் பெண்கள் வரமாட்டார்கள். அந்த மண்டபத்தில் ஏறி உட்கார முடியாத தெரு ஒன்று ஊரில் இருந்தால் அந்தத் தெருவே வராது, இதைப் பேசாமல் தவிர்ப்பதில் ஒரு பயனும் இல்லை. பள்ளிக்கூடத்திலோ சத்துணவுக் கூடத்திலோ மாலை ஏழு மணிக்கு மேல் வையுங்கள். அதற்கு முன்னால் தெருத் தெருவாகத் தனித்தனியே பேசிவிடுங்கள், ஏனென்றால் பொதுக்கூட்டத்தில் நிலம் இல்லாதவர் நிலம் உள்ளவருக்கு எதிராக வாய் திறப்பது நடக்காத காரியம், நாளைக்கு அவர் வயலில்தான் இவருக்கு வேலை.

கீதாரிகளை மறந்துவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. அறுவடை முடிந்ததும் வயலில் ஆட்டுக்கிடை போட்டு உரம் கொடுக்கிறவர்கள் வருடத்தில் பாதி நாள் ஊரிலேயே இருக்கமாட்டார்கள். நீங்கள் கார்த்திகையில் கூட்டம் போட்டால் ஒருவர் இருப்பார், பங்குனியில் போட்டால் யாரும் இருக்கமாட்டார்கள். அவர்கள் கேட்பது சின்ன விஷயம்தான், ஆடு போக ஒரு பாதை, வழியில் குடிக்கத் தண்ணீர். வரைபடத்தில் ஒரு கோடு போதும். அந்தக் கோட்டை விட்டுவிட்டால் அவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அல்லது அந்த ஊருக்குக் கிடை வருவதே நின்றுவிடும்.

ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியது ‘உங்களுக்கு என்ன வேண்டும்’ என்று இல்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் எல்லாமும் கேட்பார்கள். ‘எந்த மாதத்தில், எந்த இடத்தில், எவ்வளவு’ என்று கேளுங்கள். ஒரு சார்ட்டில் பன்னிரண்டு மாதத்தையும் மேலே எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை போட்டு, அவர்கள் சொல்லும் மாதத்தை நிரப்பிக்கொண்டே போங்கள். கூட்டத்தின் பாதியிலேயே ஆட்கள் சார்ட்டைப் பார்த்து, அட, நமக்கும் அவருக்கும் மாசி, பங்குனி இரண்டு மாதம்தானே இடிக்கிறது என்று சொல்ல ஆரம்பிப்பார்கள்.

தண்ணீரைக் கணக்குப் போடுங்கள்

எண் இல்லாமல் பேசினால் குரல் பெரிதாக உள்ளவர் சொன்னதுதான் நடக்கும். கணக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. 1 ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர். இதை வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். நீர்ப்பிடிப்பு 400 ஹெக்டேர், வடகிழக்குப் பருவத்தில் 450 மில்லிமீட்டர் மழை. மொத்தம் விழுவது 18 லட்சம் கன மீட்டர். அதில் கண்மாய்க்கு ஓடி வருவது ஒரு பங்குதான், மண்ணைப் பொறுத்து மாறும், 15 சதவீதம் என்று வைப்போம்: 2,70,000 கன மீட்டர். மழை போக நெல்லுக்குக் கண்மாயிலிருந்து ஹெக்டேருக்கு 6,000 கன மீட்டர் தேவை என்றால், 45 ஹெக்டேர், சுமார் 110 ஏக்கர் விளையும். ஆவியாவதையும் ஊறுவதையும் இதில் கழிக்கவில்லை, உங்கள் ஊருக்குப் போடும்போது கழியுங்கள்.

இப்போது வரத்துக்கால் ஓரத்தில் மனைப்பிரிவு வருகிறது, அதன் ரோடு வரத்துக்காலை அடைத்து, 40 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பின் தண்ணீர் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது என்று வையுங்கள். பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, சுமார் 11 ஏக்கர் நெல். மனையே ஐந்து ஏக்கர்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டவர்களுக்கு இந்த எண் பதில் சொல்லும். கேடு மனையின் பரப்பளவில் இல்லை, அது உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது. அதே ஐந்து ஏக்கர் மனை ஊரின் மேட்டுப் பக்கம் ரோட்டோரம் வந்தால் கண்மாய்க்கு ஒரு பாதிப்பும் இல்லாமல் போகலாம்.

ஆவியாவதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும், 10 ஹெக்டேரில் முழங்கால் ஆழத்துக்குப் பரந்து கிடக்கிற தண்ணீரிலிருந்து தினமும் 5 லட்சம் லிட்டர் காற்றோடு போகும். முழங்கால் ஆழம் என்பதை 40 சென்டிமீட்டர் என்று வைத்தால், அவ்வளவு தண்ணீரும் 1 ஹெக்டேர் பரப்பில் 4 மீட்டர் ஆழப் பள்ளத்தில் அடங்கிவிடும், அப்போது தினமும் போவது 50,000 லிட்டர்தான்.

நல்ல நிலம், மோசமான நிலம் என்று முத்திரை குத்தாதீர்கள்

1976-லேயே ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு நில மதிப்பீட்டுக்கு ஒரு வழிமுறை வெளியிட்டது. அதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: ஒரு நிலம் பொருத்தமா இல்லையா என்பதை எந்தப் பயன்பாட்டுக்கு என்று சொல்லாமல் சொல்ல முடியாது. நெல்லுக்கு உதவாத செம்மண் மேடு வீடு கட்ட அருமையான இடம். பயிருக்கு ஆகாத சரளைக் காடு மேய்ச்சலுக்கு நல்லது. கண்மாய்க்குக் கீழே முதல் மடைப் பாசனத்தில் இருக்கும் களிமண் நஞ்சை, நெல்லைத் தவிர எதற்குமே சுமார்தான், வீட்டுச் சுவர் வெடிக்கும், மழைக்குத் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு துண்டையும் நெல், மேய்ச்சல், மரம், வீடு, தண்ணீர் ஊறுதல் என்று ஐந்து வேலைக்கும் தனித்தனியாக நன்று, சுமார், ஆகாது என்று மூன்றே அளவில் எழுதுங்கள். ஊர் ஆட்களே ஒரு நாளில் எழுதிவிடுவார்கள், அவர்களுக்குத் தெரியாத மண் இல்லை. எழுதி முடித்ததும் ஒரே வேலைக்கு மட்டும் ‘நன்று’ வாங்கிய நிலம் எது, மூன்று நான்கு வேலைக்கு ஏற்ற நிலம் எது என்று பாருங்கள். மோதல் வரும்போது விட்டுக்கொடுக்க இடம் இருப்பது இரண்டாவது வகையில்தான்.

மூன்று குவியலாகப் பிரிப்பது

முதல் குவியல், பேரம் இல்லாதவை. வரத்துக்கால், கண்மாய் உள்வாய், கரை, கலுங்கு, கலுங்கிலிருந்து வெளியேறும் ஓடை. இவற்றில் வீடோ மனையோ ரோடோ வரக்கூடாது என்பதை விவாதத்துக்கே வைக்காதீர்கள். சட்டமும் உங்கள் பக்கம்தான், ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டிருக்கிறது, ஊர்ப் பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றமும் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே அங்கே குடிசை போட்டு முப்பது வருடம் குடியிருப்பவர்கள் இருந்தால், அவர்களுக்கு மாற்று இடம் எங்கே என்பதை அதே வரைபடத்தில் காட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். இடத்தைக் காட்டாமல் எடுக்கச் சொல்வது ஏழையை மட்டும் அடிக்கும் திட்டம், அதே வரத்துக்காலில் வேலி போட்டிருக்கும் பெரிய பட்டாதாரர் நீதிமன்றம் போய் நின்றுவிடுவார்.

இரண்டாவது குவியல், பிரித்து வைக்கக் கூடியவை. இதில்தான் நேரத்தைச் செலவிடுங்கள்.

மடை மட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மடையின் அடிக்கல்லுக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் எப்படியும் வயலுக்குப் பாயாது. அப்படியென்றால் அந்தத் தண்ணீருக்காக வயல்காரரும் மீன்காரரும் சண்டை போட ஒன்றுமே இல்லை. அது மீனுக்கும் மாட்டுக்கும் பறவைக்கும் என்று எழுதிவிடலாம், மோட்டார் வைத்து அதை இறைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்தத் தண்ணீர் கோடை வரை நிற்க வேண்டுமானால் ஆழம் வேண்டும், மேலே போட்ட ஆவிக் கணக்கு இங்கேதான் உதவும். வண்டல் எடுப்பவர்களைக் கண்மாய் முழுக்கச் சுரண்ட விடாமல், கரையடியிலிருந்து நன்றாகத் தள்ளி ஒரே இடத்தில் ஒரு ஹெக்டேர் அளவுக்கு ஆழப்படுத்தச் சொல்லுங்கள். வண்டல் வேண்டியவருக்கு வண்டல் கிடைத்துவிடுகிறது, மீனுக்கும் மாட்டுக்கும் பள்ளம் கிடைத்துவிடுகிறது. ஒரு பக்கம் கட்டாயம் சரிவாக இறங்க வேண்டும். ஜே.சி.பி. வெட்டிய செங்குத்துப் பள்ளத்தில் மாடு சிக்குவதும் குளிக்கப் போன பிள்ளைகள் முழுகுவதும் வருடா வருடம் நடக்கிற துயரம், இந்தச் சரிவை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். களிமண் அடுக்கு முடிந்து மணல் தெரிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்குக் கீழே போனால் தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும்.

மீன் குத்தகையில் காலத்தைச் சுருக்கலாம். சின்னக் குஞ்சாக விட்டால் மீன் எடை ஏற அதிக நாளாகும், மாசியில் மடை திறக்கும்போது சண்டை வரத்தான் செய்யும். வேறு குளத்தில் வளர்த்துப் பெரிதாக்கிய குஞ்சைக் கார்த்திகையில் விட்டால் ஐந்தாறு மாதத்தில் பிடித்துவிடலாம். குஞ்சுச் செலவு கூடும், அதற்கு ஈடாகக் குத்தகைத் தொகையைக் கொஞ்சம் குறைக்க ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். இது ஏலத்துக்கு முன்னாலேயே நிபந்தனையாகப் போக வேண்டும், ஏலம் முடிந்து பணம் கட்டிய பிறகு போய்ச் சொல்வது நியாயம் இல்லை.

சீமைக்கருவேலத்தில் பலரும் அவசரப்படுகிறார்கள். அதை அகற்றத்தான் வேண்டும், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே வாரத்தில் மொத்தமாக வழித்துவிட்டால் விறகுக்கும் கரிக்கும் அதை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு அந்த வருடம் சோறு இல்லை, வேறு மரமே இல்லாத கண்மாய் என்றால் பறவைக்குக் கூடும் இல்லை. முதல் வருடம் கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால். வேர் கரையைத் துளைப்பதும் கால் அடைவதும் அங்கேதான். இரண்டாம் வருடம் உள்வாயில் பாதி, அந்த இடத்தில் நாட்டுக் கருவேலம் நட்டு ஆடு கடிக்காமல் காப்பாற்ற வேண்டும், அதன் நெற்று நாளைக்கு ஆட்டுக்கு நல்ல தீவனம். மிச்சத்தை நட்ட கன்று தலை தூக்கிய பிறகு எடுக்கலாம். எடுப்பதைத் தூரோடு எடுங்கள், மேலே வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். கூடு கட்டிய மரங்களை மாசி, பங்குனியில் தொடவே வேண்டாம்.

பறவைக்கு இடம் கொடுத்தால் பாசனம் கெடும் என்று பயப்படுபவர்களுக்கு நம் ஊர்களே பதில். வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரிதான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்ததால் அந்த மக்கள் பறவைகளைக் காத்தார்கள், வேட்டையைத் தடுக்கச் சொல்லி 1798-லேயே ஆங்கிலேய கலெக்டரிடம் எழுத்து வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடி சரணாலயம் என்பதும் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டியைச் சேர்ந்த மூன்று கண்மாய்கள்தான், 1977-ல் அறிவித்தார்கள். பறவை பயந்துவிடும் என்று அங்குள்ள மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

மூன்றாவது குவியல், உண்மையிலேயே மோதுபவை. எவ்வளவு பிரித்தாலும் சில மிஞ்சும். எனக்குத் தெரிந்து மிகக் கடினமானது மடைப் பாசனத்துக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும் உள்ள மோதல். சில ஊர்களில் கிணறு அதிகமாகி, மடையை நிரந்தரமாக அடைத்துவிட்டு, கண்மாயை ஊற்றுக்காக மட்டும் தேக்கி வைக்கிறார்கள். கிணறு உள்ளவர் இரண்டு போகம் எடுப்பார், கிணறு வெட்ட வசதி இல்லாத சிறு விவசாயிக்கு இருந்த ஒரு போகமும் போய்விடும். மொத்த விளைச்சலை மட்டும் கூட்டிப் பார்த்தால் மடையை மூடுவது லாபம் போலவே தெரியும். அதனால்தான் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன்.

மதிப்பெண் போடுவதில் உள்ள ஆபத்து

வல்லுநர்கள் வந்தால் ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு எடை, விவசாயத்துக்கு 40, மீனுக்கு 10, மேய்ச்சலுக்கு 10 என்று கொடுத்து, கூட்டி, எந்தத் திட்டம் அதிக மதிப்பெண் வாங்குகிறதோ அதுதான் சிறந்தது என்பார்கள். ஆரம்பத்தில் ஒரு ஒழுங்குக்கு உதவும் முறைதான், அதையே முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 120 ஆயக்கட்டுக் குடும்பமும் 9 ஆடு வளர்க்கும் குடும்பமும் உள்ள ஊரில், மேய்க்காலை எடுத்துவிட்டால் 120 பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் லாபம், 9 பேருக்கு முழு நஷ்டம். கூட்டுத்தொகையில் அந்த 9 பேர் காணாமல் போய்விடுவார்கள்.

அதற்குப் பதிலாக மூன்று திட்டம் எழுதுங்கள், நான்கு வேண்டாம், குழம்பும். ஒவ்வொன்றுக்கும் கீழே யார் எதை இழக்கிறார், எந்த மாதத்தில், எவ்வளவு, ஈடாக அவருக்கு என்ன, அதை யார் கொடுப்பது என்று மட்டும் எழுதி, பள்ளிக்கூடச் சுவரில் இரண்டு வாரம் ஒட்டி வையுங்கள். மடை விஷயத்தையே எடுத்துக்கொண்டால், மாசி முதல் தேதி வரை மடை திறந்திருக்கும், அதற்குப் பிறகு மூடி ஊறவிடுவது ஒரு திட்டம். மடையை மூடி, கடைமடைச் சிறு விவசாயிகளுக்குக் கிணற்றுக்காரர்கள் இத்தனை தண்ணீர் இலவசமாக விடுவது இன்னொன்று. வற்றும் வருடங்களில் மட்டும் மூடுவது மூன்றாவது. படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெருவில் போய் வாசித்துக் காட்டுங்கள். இழக்கிறவரே வந்து, எனக்கு இந்த ஈடு போதும் அல்லது போதாது என்று சொல்லும் வரை முடிவுக்குப் போகாதீர்கள்.

எழுத்தாக்கி, ஆள் பார்த்து, நாள் பார்த்து

முடிவை கிராமசபையில் தீர்மானமாக்குங்கள். வருடத்தில் ஆறு கிராமசபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நீர் சம்பந்தப்பட்டதற்கு மார்ச் 22 பொருத்தம், உலகத் தண்ணீர் தினம் என்பதாலேயே அன்று அந்தப் பேச்சு எடுபடும், கோடை வேலை ஆரம்பிக்கவும் அதுதான் சரியான நேரம். தீர்மான நகலைக் கையெழுத்தோடு அன்றே வாங்கிவிடுங்கள், அடுத்த வாரம் தருகிறேன் என்பதற்குச் சம்மதிக்காதீர்கள். ஒரு முறை நாங்கள் அப்படிச் சம்மதித்து, கையில் நகல் வந்தபோது அதில் ‘மேய்க்கால் பாதை’ என்ற வரியே இல்லை, அதைத் திரும்பச் சேர்க்க ஏழு மாதம் ஆனது.

யாரிடம் போவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. வண்டல் எடுக்க 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்புத் துறை, அங்கே உங்கள் தீர்மானமும் வரத்துக்கால் குறித்த வரைபடமும் விண்ணப்பம் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது, அனுமதி கொடுத்த பிறகு ஆட்சேபித்தால் வருடக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

ஒத்துக்கொண்ட நீர் மட்டத்தைக் காகிதத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். மடைக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, வெள்ளையடித்து, சிவப்புக் கோடு போடுங்கள். இந்தக் கோடு வரை வயலுக்கு, இதற்குக் கீழே மாட்டுக்கும் மீனுக்கும். யார் வேண்டுமானாலும் கரையில் நின்று பார்க்கலாம். திட்டத்திலேயே அதிகம் உழைத்தது இந்தக் கல்தான் என்று நான் பார்த்த ஊர்களில் சொல்வேன், ஏனென்றால் தண்ணீர் கோட்டைத் தொட்டதும் மீன்காரரும் நீர்பாய்ச்சியும் யாரும் கூப்பிடாமலே மடைக்கு வந்துவிடுகிறார்கள்.

முதல் வருடத் திட்டத்தில் எப்படியும் இரண்டு மூன்று இடம் தப்பாகும். மழை ஒரே மாதிரி பெய்யாது, நீங்கள் 15 சதவீதம் என்று போட்டது 8 ஆக இருக்கும். அதனால் கண்மாய் எந்தத் தேதியில் நிரம்பியது, மடை எப்போது திறந்தது, கோட்டை எப்போது தொட்டது, எத்தனை ஏக்கர் விளைந்தது, எத்தனை கிடை வந்தது என்று ஐந்தே விஷயத்தை ஒரு நோட்டில் எழுத ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள், முடிந்தால் நீர்பாய்ச்சியின் வீட்டில் படிக்கிற பிள்ளையிடம். அடுத்த ஐப்பசியில் முதல் மழை அடித்து ஓய்ந்ததும் அதே வரைபடத்தையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வரத்துக்கால் வழியே மறுபடி மேலே நடங்கள், போன வருடம் அடைத்திருந்த குழாய்ப்பாலத்தில் இந்த முறை தண்ணீர் போகிறதா என்று முதலில் அங்கே பாருங்கள்.